புரட்டாசிச் சனியில் ஒரு பிரெஞ்சு விருந்து

நான் பிறந்து வளர்ந்த ஊர் புதுச்சேரி. பிரெஞ்சு உணவை முதன்முதலாக உண்டது மலாக்காவில். இரண்டும் உண்மை, அடுத்தடுத்து எழுதும்போதுதான் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊரின் கடலோரத் தெருக்களில் அத்தகைய உணவகங்கள் பல உண்டு. மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூக் கொடி, அன்றைய உணவுகளைச் சாக்கட்டியால் எழுதிய கரும்பலகை. கல்லூரிக்குப் போகும் வழியில் ஐந்து ஆண்டுகளாக அந்தக் கரும்பலகைகளைக் கடந்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. அவை வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கானவை என்பது எங்கள் தெருவாரின் தீர்மானம். நானே ஒரு வெளியூர்க்காரியாக மாறிய பிறகுதான் அந்தக் கதவு எனக்குத் திறந்தது.

மலாக்காவுக்குப் போனது ஒரு மாணவர் கருத்தரங்குக்காக. பழந்தமிழ்ப் பாடல்களில் பாணர்களுக்கு அளிக்கப்பட்ட உணவு என்பது என் கட்டுரையின் பொருள். பதினைந்து நிமிட வாசிப்பு. அதற்காக நான்கு நாள் பயணம். தங்கியது மலாக்காவை அடுத்த ஜாசினில், பார்வதி சித்தியின் வீட்டில். அவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, மலேசியாவிலேயே பிறந்தவர். அம்மாவும் அவரும் நேரில் சந்தித்தது ஒரே முறை. கைப்பேசியில் பேசாத நாள் இல்லை.

வியாழக்கிழமை மாலை பேருந்து நிலையத்திலிருந்து என்னை அழைத்துப்போக சித்தியின் கணவர் முனியாண்டி சித்தப்பா வந்தார். அவர் ஓட்டி வந்தது ஒரு பள்ளிப் பேருந்து. அதுவே அவர் தொழில். சீருடையில் பதினைந்து பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். பேச்சை நிறுத்திவிட்டு என்னையும் என் பெட்டியையும் ஒருசேரப் பார்த்தார்கள்.

"ஏறும்மா, பாண்டிச்சேரி. இதுங்கள எறக்கிட்டு வீட்டுக்குப் போயிரலாம்."

அந்த நான்கு நாளும் என் பெயர் அதுதான்.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, கண்ணாடியை ஒட்டி, ஓர் அட்டை மாட்டியிருந்தது. அதில் பிள்ளைகளின் பெயர்கள், ஏறும் இடம், நேரம். மை மங்கிய வரிகளுக்குக் கீழே புதிதாக ஒன்று: 'பாண்டிச்சேரி – வியாழன் – 4.15.' நான் அதைப் பார்ப்பதை அவர் கண்ணாடியில் கவனித்திருக்க வேண்டும்.

"இதுல பேரு ஏறிட்டா நான் வந்துருவேன்லா. மழையா இருந்தாலும் சரி, ஜாமா இருந்தாலும் சரி. ஒரு புள்ளைய ரோட்டுல நிக்க வச்சதில்ல."

எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களின் நடுவே ஓடும் அந்தச் சாலையில் யாரும் ஒலிப்பான் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் பேருந்தின் வருகையைக் காதுதான் முதலில் அறியும். இங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தாய்மார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பேருந்து ஒலியின்றி வந்து நின்றது.

வீட்டு வாசலில் சித்தி கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டியா?" நான் அச்சில் மட்டுமே கண்டிருந்த சொல். அது ஒரு கடலைக் கடந்து, ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வாசலில் நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இல்லை என்றேன். சோறு, சாம்பார், பயற்றங்காய்ப் பிரட்டல், பிறகு ஆட்டிறைச்சிக் குழம்பைப் போலவே தோன்றிய ஒன்று. புரட்டாசியில் கறியா என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"சோயாம்மா," என்றார் சித்தி. "புரட்டாசி முழுக்க இந்த வீட்டுல கறி, முட்டை எதுவும் கெடையாது. ஆசைய ஏமாத்த சோயாவத் தின்போம்."

சாப்பிடும்போது சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "பாண்டிச்சேரின்னா பிரெஞ்சுக்காரன் ஊரு. ஒனக்கு பிரெஞ்சு தெரியும்லா?"

வாய் நிறையச் சோறு இருந்தது. முதல் நாளிலேயே பெரியவர் ஒருவரை மறுத்துப் பேசுவானேன் என்று தோன்றியது. "கொஞ்சம்," என்றேன்.

அந்தச் சொல்லின் வளர்ச்சியை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கட்டுரையைப் படித்து முடித்துத் திரும்பிய மாலையில், ஜாசின் சந்தைக்குச் சித்தியோடு போனேன். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர், "இதான் பிரெஞ்சு படிச்ச புள்ளையா?" என்று கேட்டு, உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். மகன் எங்கிருந்தோ கொண்டுவந்ததாம். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு நெடுநாள் ஐயம். நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்களில் எழுதப்பட்டிருந்த தேதி ஒன்றுதான் எனக்குப் புரிந்தது.

"போன வருஷமே கெட்டுப்போச்சு, பாய்," என்றேன்.

"பாத்தியா," என்று அவர் கடைக்கு வந்தவர்களிடம் சொன்னார். "படிச்ச படிப்பு."

வீட்டுக்கு வந்ததும், கட்டில் ஓரத்தில் வழிமறித்துக் கிடந்த என் பெட்டியை வைக்க இடம் தேடினேன். நான் தங்கியது லோகேஸ்வரி அக்காவின் அறையில். அவர் இவர்களின் ஒரே மகள்; என்னைவிட இரண்டு வயது மூத்தவர்; மலாக்காவுக்குப் பக்கத்தில் செங் என்ற இடத்தில், ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. வீட்டில் எல்லாரும் லோகேஸ் என்றே கூப்பிடுவார்கள். அலமாரியின் உச்சியில் ஒரு வயலின் பெட்டி இருந்தது. அதை நகர்த்த இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். எதிர்பார்த்த கனம் இல்லாததால் பின்னால் சாய்ந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டி காலி.

அக்கா கதவைச் சாத்தினார். "நீ அதிகம் பேசமாட்ட இல்ல?"

மாட்டேன் என்று தலையசைத்தேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். ஒன்பது வருடம் சித்தப்பா அவரை வயலின் வகுப்புக்குப் பேருந்தில் ஏற்றிப்போனார். அந்த வயலினைப் பெருமாள் சன்னதியில் வைத்துப் பூசை செய்த பிறகே அவர் கையில் கொடுத்தார். கோயில் பஜனையில் சித்தப்பா ஜால்ரா, மகள் வயலின். பிறகு செங்கில் வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று மகள் சொன்னார். பஜனைக்கு வருவது நின்றது. கேட்டவர்களிடமெல்லாம் சித்தப்பா, "வேலதான் முக்கியம்," என்று சொல்லிக்கொண்டு தனியாக ஜால்ரா தட்டினார்.

ஓவர்டைம் என்று ஒன்று கிடையாது. மலாக்கா ஆற்றங்கரையில் ஒரு பழைய பிரெஞ்சு உணவகம் இருக்கிறது. எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா அங்கே வாசிக்கிறார். வயலின் அங்கே, பெட்டி மட்டும் வீட்டில்.

"முன்ன ஒருத்தர் ஓட்டல்ல வயலின் வாசிச்சாருன்னு கேள்விப்பட்டு அப்பா சொன்னாரு, குடிக்கிற எடத்துல சாமி வாத்தியத்த எடுக்கலாமான்னு. அதனால சொல்லல. இப்ப பொய் சொல்லிச் சொல்லி எனக்கே புடிக்கல. நாளைக்கு ஒன்னச் சாக்கு வச்சி அங்க சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொல்லி அப்பாகிட்ட கேட்டிருக்கேன். பாண்டிச்சேரிப் புள்ளைக்குப் பிரெஞ்சு சாப்பாடு வாங்கித் தரணும்னு. எட்டு மணிக்கு அவர் என்னைப் பாப்பாரு."

"பார்த்தால்?"

"எழுந்து போயிட்டாருன்னா நான் நிறுத்திருவேன். கேட்டாருன்னா… மொதப் பாட்டு முடியிறவரைக்கும் உக்கார வையி. அது போதும்."

அப்போது வெளியிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "பார்வதி, நாளைக்கு புரட்டாசி மூணாவது சனிலா. பிரெஞ்சுக்காரன் கடையில என்னத்தத் தின்கிறது?"

அக்கா தலையில் கை வைத்தார். "ரெண்டு வாரமா சோயா தின்கிறேன். தேதியப் பாத்தேன், மாசத்தப் பாக்கல."

"சரி விடு," என்று அதே குரல் தொடர்ந்தது. "வந்த புள்ள ஞாயித்துக்கெழம போயிரும். நாம ரொட்டியத் தின்னுட்டு வருவோம்."

எங்கள் விருந்துக்காகச் சனிக்கிழமை பஜனையை முன்னதாகவே தொடங்கி, மாலை ஐந்து மணிக்கே முடித்துவிட்டார்கள். சித்தப்பா நெற்றியில் திருநாமத்தோடும் சலவை வேட்டியோடும் நேரே கிளம்பினார். சித்தி மாம்பழ நிறப் பட்டுச்சேலை. வீட்டுக் காரின் சாவியைத் திருப்பியபோது அது ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. மூடியைத் திறந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அவருடைய மைத்துனரும் வந்து பார்த்தார். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கார் எந்தக் காரணத்தையும் ஏற்கவில்லை.

"பஸ் எதுக்கு இருக்கு?" என்றார் சித்தப்பா.

ஆக, நாற்பது இருக்கை கொண்ட பேருந்தில் மூன்று பேர் விருந்துக்குப் போனோம். சித்தி முன்னிருக்கையில் உட்கார்ந்து சேலைக் கொசுவத்தை மடியில் ஏந்திக்கொண்டார். அவர் பக்கத்தில் கோயிலிலிருந்து எடுத்து வந்த ஒரு பை இருந்தது. அதில் கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு பொன்னாடை.

"இது எதுக்கு, சித்தி?"

"ஒனக்குத்தான்மா. இந்தியாவுலேர்ந்து வந்து கட்டுரை படிச்சிருக்க. பொன்னாட போத்தாம அனுப்ப முடியுமா? கடையில வச்சிப் போத்தணும்னு ஒங்க சித்தப்பா சொல்லிட்டாரு."

நான் கூட்டத்தில் தும்மக்கூடத் தயங்குகிறவள். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

பழைய நகரத்தின் தெருக்கள் பேருந்து நுழையும் அகலத்தில் இல்லை. ஆற்றங்கரையில் சுற்றுலாப் பேருந்துகளின் வரிசையில் எங்களுடையதும் போய் நின்றது. அங்கிருந்து நடை. மலாக்காவின் ரிக்‌ஷாக்களை முன்பே படங்களில் பார்த்திருந்தேன். படத்தில் ஒலி இல்லை. பொம்மைகளும் செயற்கைப் பூக்களும் மின்விளக்குகளும் சுமந்த ஒரு ரிக்‌ஷா எங்களைக் கடந்தபோது அதிலிருந்து ஒரு தமிழ்க் குத்துப்பாட்டு முழங்கியது. ஓட்டிய மலாய்க்காரர் சித்தியின் சேலையைப் பார்த்துத்தான் பாட்டை மாற்றினார் என்பது சித்தியின் ஊகம். அவர் அதில் மகிழ்ந்தே போனார்.

உணவகம் நீளமான ஒரு பழைய கடைவீடு. குறுகிய முகப்பு, உள்ளே போகப் போக ஆழம். வெள்ளை மேசைவிரிப்பு, மங்கிய பித்தளை விளக்குகள், கருமரப் படிக்கட்டு. பத்துப் பன்னிரண்டு மேசைகளில் ஆட்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு சிறு மேடை. அதில் இரண்டு நாற்காலி, ஆள் இல்லை. எங்களுக்கான மேசை மேடைக்கு மிக அருகே. அதை யார் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"லோகேஸ் எப்ப வருவா?" என்றார் சித்தி.

"வேலை முடிஞ்சதும் நேரா வர்றேன்னு சொன்னாங்க," என்றேன். சொல்லளவில் பொய் இல்லை.

மணி ஏழு முப்பத்தைந்து. உணவுப் பட்டியலைச் சித்தப்பா வாங்கி, திறக்காமலே என்னிடம் நீட்டினார். "படிம்மா. நிதானமாப் படி."

தடித்த தாளில் சாய்ந்த எழுத்துகள். முழுவதும் பிரெஞ்சு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகைகளிலிருந்து பெற்றவை: தெரு, மருத்துவமனை, காவல் நிலையம். மூன்றில் எதையும் சாப்பிட முடியாது. முதல் பக்கத்தைப் படித்தேன், அதாவது வரிகளை எண்ணினேன். பதினொன்று. அடுத்த பக்கத்தில் பதினான்கு, கடைசிப் பக்கத்தில் பதின்மூன்று. முகத்தில் ஆராய்ச்சிக் களை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எட்டு மணி வரை இதை நீட்டிக்க முடியுமானால் என் கடமையும் முடியும் என்று கணக்கிட்டேன்.

"சைவம் இருக்கா?"

"தேடிக்கிட்டே இருக்கேன், சித்தப்பா."

"பாவம், நம்மனால இந்தப் புள்ளைக்குக் கஷ்டம்," என்று அவர் சித்தியிடம் சொன்னார். அந்த இரக்கம் என்னைச் சுட்டது.

பரிமாறும் பெண்மணி வந்தார். நடுவயதுச் சீனர், கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது. சித்தப்பா அவரிடம் மலாயில் பேச, சித்தி எனக்கு மொழிபெயர்த்தார். சித்தப்பா கேட்டது: "எங்களுக்கு இது விரத மாதம். மாட்டிறைச்சி வேகும் சட்டியில் வெந்தது வேண்டாம். ரொட்டியும் வெண்ணெயும் போதும். இந்தப் பிள்ளைக்கு மட்டும் நன்றாக ஏதாவது கொடுங்கள்."

அந்தப் பெண்மணி கண்ணாடியை மேலே ஏற்றினார். "இந்த மாதம் உங்கள் ஆட்கள் எல்லாரும் காய்கறிதான், எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சரியான வாரத்தில் வந்திருக்கிறீர்கள். எங்கள் சமையற்காரருக்கும் விரதம். ஒன்பது தெய்வங்களின் திருவிழா. ஒன்பது நாள் அவரும் கறி தொடமாட்டார். தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி அடுப்பு. எங்களையே பக்கத்தில் விடுவதில்லை. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது."

"வெங்காயம்கூட இல்லையாமே," என்றார் சித்தி, வியப்போடு. "நம்மளவிட கறாரா இருக்காங்க."

சித்தப்பா அந்தச் சமையற்காரர் இருந்த திசையை நோக்கி இரு கை கூப்பினார். சுவர்தான் இருந்தது. அவருக்கு அது போதும்.

ரொட்டி வந்தது. நீளமாக, மேலே மொறுமொறுப்பாக, உள்ளே பஞ்சாக. புதுச்சேரியில் விடியற்காலையில் மிதிவண்டியில் விற்கும் அதே ரொட்டி. எங்கள் வீட்டில் அதைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவோம். பிரெஞ்சு உணவு உண்டதே இல்லை என்று நான் நம்பியிருந்தது சரியன்று என அப்போது தெரிந்தது.

மணி எட்டாக ஒரு நிமிடம். சித்தப்பா தொண்டையைச் செருமினார். பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார். கண்ணாடித்தாள் அந்த அமைதியில் பெரும் ஓசையோடு பிரிந்தது. இரண்டு மேசைகள் திரும்பிப் பார்த்தன. அவர் எழுந்து நின்றார்.

"பாண்டிச்சேரியிலேர்ந்து வந்து, நம்ம மலாக்காவுல கட்டுரை படிச்ச…"

அவர் பின்னால் அக்கார்டியன் ஒலித்தது. ஆர்மோனியத்தை மார்போடு கட்டிக்கொண்டது போன்ற அந்தக் கருவியை வெள்ளைத் தலையுடைய ஒரு முதியவர் வாசித்தார். அவருக்குப் பக்கத்தில், முழங்கால் தாண்டிய கறுப்பு உடையில், காதில் சிறு ஜிமிக்கியோடு, வயலினைத் தோளுக்கும் தாடைக்கும் இடையே வைத்து நின்றுகொண்டிருந்தார் லோகேஸ் அக்கா.

சித்தப்பா திரும்பினார். விரித்த பொன்னாடை அவர் இரு கைகளிலும் இருந்தது.

"ஏங்க," என்றார் சித்தி. "அது நம்ம புள்ளதானே?"

சித்தப்பா மகளைப் பார்த்தார். மகள் தந்திகளைப் பார்த்தார். பிறகு அவர் பொன்னாடையை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தார். விளிம்பு விளிம்போடு பொருந்தும்வரை நீவினார். அதைப் பையில் வைத்தார்.

"பஸ் தடுப்புக்குள்ள நிக்கிது. போயி பாத்துட்டு வரேன்."

பேருந்து சரியான இடத்தில்தான் நின்றது. அந்த நான்கு நாளில் அவர் எதையும் தவறான இடத்தில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அவர் நாற்காலியைத் தள்ளினார். மேடையில் அக்காவின் வில் ஒரு சுரத்தில் மெலிதாக நடுங்கியது. முதியவர் அதற்குமேல் தன் ஒலியைப் பரப்பி மறைத்தார்.

"சித்தப்பா," என்றேன். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது."

அவர் நின்றார்.

"என்னது?"

"ஒரு வரிகூடத் தெரியாது. அந்தப் பட்டியல்ல ஒண்ணும் படிக்கல."

"அப்ப இவ்வளவு நேரம் என்னத்தப் பாத்த?"

"வரி எண்ணினேன். மொத்தம் முப்பத்தெட்டு."

சித்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. "அப்ப பாய் கடை பிஸ்கட்?"

"தேதி மட்டும் பாத்தேன்."

சித்தப்பா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிக்க விரும்பாத முகம்தான். ஆனால் மீசை அவர் சொல்பேச்சைக் கேட்கவில்லை. "முப்பத்தெட்டு வரி," என்றார். "எனக்கு என்னன்னா, பாவம் புள்ள கஷ்டப்பட்டுத் தேடுதேன்னு இருந்துச்சி." பிறகு கேட்டார்: "ஏன் இப்ப சொன்ன?"

எனக்கு வேறு உபாயம் தெரியவில்லை, உள்ளதைச் சொன்னேன். "நீங்க வெளியே போனா திரும்பி வரமாட்டீங்க. நீங்க எழுந்து போயிட்டா வயலினையே நிறுத்திருவேன்னு அக்கா சொன்னாங்க. முதல் பாட்டு முடியறவரைக்கும் உட்காரவைக்கச் சொன்னாங்க."

"ஒன்கிட்ட எப்ப சொன்னா?"

"நேத்து."

"எவ்வளவு நாளா வாசிக்கிறா?"

"எட்டு மாசமா."

முதல் பாட்டு முடிந்தது. மேசைகளிலிருந்து மெல்லிய கைதட்டல். சித்தப்பா தட்டவில்லை. எழவும் இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, மேடையைப் பக்கவாட்டில் பார்க்கும்படி வைத்துக்கொண்டார்.

இரண்டாவது பாட்டு மூன்று மூன்றாக அடியெடுத்துச் சுழலும் மெட்டு. சித்தப்பாவின் வலக்கை தொடைமேல் கிடந்தது. முதலில் விரல்கள் அசைந்தன. பிறகு உள்ளங்கை தொடையில் தட்டியது. எங்கோ தவறி, நின்று, மறுபடி தொடங்கியது. தட்டு, தட்டு, வீச்சு. ரூபக தாளம் அந்த மெட்டில் சரியாகப் பொருந்தியதை அவர் கண்டுகொண்ட நொடியை நான் பார்த்தேன். புருவம் உயர்ந்தது. கை தொடையிலிருந்து மேசைக்கு ஏறியது. கரண்டிகள் கிணுகிணுத்தன.

தட்டு, தட்டு. மூன்றாவதில் உள்ளங்கையைத் திருப்பி மேலே வீசினார்.

பரிமாறும் பெண்மணி விரைந்து வந்து குனிந்தார். "என்ன வேண்டும்?"

ஒன்றும் வேண்டாம் என்று சித்தி அனுப்பிவைத்தார். தட்டு, தட்டு, வீச்சு. அந்தப் பெண்மணி பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். மூன்றாம் முறை அவர் தண்ணீர்க் கூசாவோடு வந்து, ஏற்கனவே நிரம்பியிருந்த கோப்பையில் நான்கு துளி ஊற்றிவிட்டுப் போனார்.

"ஏங்க, அந்தக் கைய மேல தூக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் அந்தம்மா ஓடி வருது."

"வீச்சில்லாம எப்படித் தாளம் போடறது? ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு."

மேடையிலிருந்து அக்கா அதைப் பார்த்துவிட்டார். பின்பு அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எனக்கு இசையைத் துல்லியமாக விவரிக்கத் தெரியாது. அந்த வில் அதற்குப் பிறகு நடுங்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

உணவு வந்தது. கத்தரிக்காயும் தக்காளியும் குடைமிளகாயும் வட்ட வட்டமாக நறுக்கி, பூ அடுக்கியது போல அடுக்கி, எண்ணெயில் மெல்ல வேகவைத்தது. பாலாடையில் வெந்து மேலே பொன்னிறமான உருளைக்கிழங்கு. மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை. ஆயினும் ஒவ்வொரு காயும் தன் சுவையில் தனியே நின்றது. சித்தி ஒரு வாய் உண்டு, யோசித்து, "கடுகு மட்டும் தாளிச்சிருந்தா," என்றார். ஆனால் தட்டைக் கடைசித் துண்டு ரொட்டியால் வழித்தவரும் அவரே. சித்தப்பா இடக்கையால் தாளம் போட்டபடி வலக்கையால் உண்டார்.

இடைவேளை வந்தது. அக்கா வயலினை நாற்காலியில் வைத்துவிட்டு எங்களை நோக்கி இரண்டடி எடுத்து வைத்து நின்றார். சித்தப்பா எழுந்தார். பையிலிருந்து பொன்னாடையை எடுத்து விரித்தார். மகளைக் கடந்து போனார்.

அக்கார்டியன் வாசித்த முதியவரின் முன்னால் போய் நின்று, அதை அவர் தோளில் போர்த்தினார். அவர் பெனடிக்ட், மலாக்காவின் போர்த்துகீசியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். சரிகைக் கரையைத் தடவிப் பார்த்து, மலாயில் ஏதோ கேட்டார்.

"இவ்வளவு அழகான மேசைவிரிப்பு எனக்கு எதற்கு என்று கேட்கிறார்," என்றார் பரிமாறும் பெண்மணி, ஆங்கிலத்தில், என்னிடம்.

சித்தப்பா மலாயிலேயே விளக்கினார். சித்தி எனக்குத் தமிழில் சொன்னார். இது மரியாதை. பிள்ளை தடுமாறியபோது தாங்கிப் பிடித்தீர்கள், நான் கேட்டேன். முதியவர் தலையைக் குனிந்தார். அன்று கடைசிவரை அவர் அதைக் கழற்றவில்லை. தங்கச் சரிகை போர்த்தியபடியே அக்கார்டியனை விரித்து மூடினார்.

அக்கா எங்கள் மேசைக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சொந்தப் புள்ளைக்கு அப்பனே பொன்னாட போத்தறது மொற இல்ல," என்றார், யாரையும் பார்க்காமல். "கூட வாசிச்சவருக்குத்தான் போத்தணும்."

"அப்பா…"

"மூணாவது பாட்டுல ஏன் அந்த ஓட்டம்? அவரு புடிச்சி நிறுத்தாட்டி நீ பாட்டுக்கு ஜாசின் போயிருப்ப."

"தெரியும்பா."

"உக்காரு. சாப்பிடு. வெங்காயம்கூட இல்ல."

அக்கா உட்கார்ந்தார். சித்தி அவர் உடையின் நீளத்தை மேசைக்கடியில் கையால் அளந்துகொண்டிருந்தார். சித்தப்பா கடையைச் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேசையில் இருவர் சிவப்பு ஒயினோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குடிக்கத்தான் செய்றாங்க," என்றார். "ஆனா வாசிக்கையில ஒருத்தன் வாயத் தொறக்கல. நம்ம கோயில்ல பஜன நடக்கும்போது பின்னால உக்காந்து கல்யாணம் பேசி முடிச்சிருவாங்க." சித்தியை அவர் பார்க்கவில்லை, சித்தி தண்ணீரை எடுத்துக் குடித்தார். "அடுத்த வாரம் கடைசிச் சனி. பஜனைய அஞ்சு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்றேன், ஆறரைக்கு முடிஞ்சிரும். அதுக்கு நீ வரணும்."

"வரேன்பா."

"ஓவர்டைம் இருக்குன்னு சொல்லக் கூடாது."

அக்கா குனிந்து சாப்பிட்டார். அவர் தட்டில் உருளைக்கிழங்கு குறைந்ததும் சித்தப்பா தன்னுடையதை நகர்த்தி வைத்தார். பாணர்க்கு இட்ட உணவைப் பற்றி முந்தைய நாள்தான் பதினைந்து நிமிடம் பேசியிருந்தேன். வாசித்தவர் பசியோடு உண்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தது அதுவே முதல் முறை. கட்டுரையில் சில வரிகளைத் திருத்த வேண்டும்.

இறுதியாகச் சமையற்காரரே வெளியே வந்தார். கையில் நான்கு கிண்ணம். கிராம்பு மணக்கும் மலாக்காப் பனைவெல்லப் பாகில் வெந்த பேரிக்காய். சித்தப்பா ஒரு வாய் உண்டு, "நம்ம கருப்பட்டி," என்று மலாயிலும் தமிழிலும் அறிவித்தார். விரதக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் வணங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது பேருந்தில் நான்கு பேர். வயலின் ஒரு துண்டில் சுற்றி அக்காவின் மடியில் இருந்தது. "ஒனக்குப் போத்த வேண்டியதப் போத்திட்டாரேம்மா," என்று சித்தி என்னிடம் வருந்தினார். "வேற ஒண்ணு வாங்கி அனுப்பறேன்." வேண்டாம் என்று நான் சொன்னதில் துளியும் சம்பிரதாயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் இன்னும் உயிர்பெறவில்லை. மறுபடியும் பேருந்து. சித்தி இரண்டு பொட்டலம் புளிச்சோறும், பாய் கொடுத்தனுப்பிய ஒரு புதிய பிஸ்கட் டப்பாவும் என் கையில் திணித்தார். இதன் தேதி நன்றாகவே இருந்தது. அலமாரியின் உச்சியில் வயலின் பெட்டி இல்லை. அது கூடத்தில், நடக்கிறவர்கள் இடறும் இடத்தில், திறந்தபடி கிடந்தது.

நிலையத்தில் இறங்கும்போது கண்ணாடியை ஒட்டிய அட்டையைப் பார்த்தேன். 'பாண்டிச்சேரி' என்ற வரியில் ஞாயிற்றுக்கிழமை நேரமும் சேர்ந்திருந்தது. அதற்குக் கீழே, அதே பேனாவில், மை இன்னும் மங்காத ஒரு வரி:

'லோகேஸ் – சனி – 6.45.'